சிரமமின்றி அணைக்கப்பட்டது

என் மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் வைத்திருக்கும் பெரியண்ணனுக்கு, உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. பிடித்து நிறுத்திவிட்டேன். இங்கே யாரும் நலமில்லை, அந்தச் சொல்லை எழுதப் போய்த்தான் குடும்பமே நாறிக்கொண்டிருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீங்கள் திட்ட ஆரம்பிப்பீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி வீட்டுக்காரர் போய் இரண்டு மாதம் ஆகிறது. நஷ்டஈட்டு அலுவலகத்திலிருந்து போன வாரம் பதில் வந்தது. இயற்கை மரணமாம். வேலையால் நேர்ந்த சாவு என்று எழுதியிருந்தால் சின்னவள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அந்தத் தீயணைப்புத் துறைக் குடியிருப்பிலேயே இருக்கலாம். இயற்கை என்று எழுதிவிட்டதால் மாதக் கடைசிக்குள் சாமான் செட்டோடு வெளியே போக வேண்டும். எங்கே போவாள், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு? ஏன் இப்படி என்று கேட்டால் ஆதாரமாக ஒரே ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்கள், அண்ணா. அதில் இருப்பது என் கையெழுத்து.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நானும் மாப்பிள்ளையும் வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்தில், தீ அணைத்துவிட்டுத் திரும்பினதும் பதிவேட்டில் எழுதுகிறவன் நான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே, "தீ வலுவாக இருந்தது, மிகுந்த சிரமத்துடன் அணைக்கப்பட்டது" என்று ஆசையாசையாக எழுதினேன். மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஏன் சிரமம், எவ்வளவு சிரமம், யாருடைய கவனக்குறைவால் சிரமம் என்று நாலு பக்கம். அதைப் பூர்த்தி பண்ணப் பட்ட பாடு அந்தத் தீயில்கூடப் படவில்லை. அப்போதிருந்த நிலைய அதிகாரி என் தலையில் தட்டி, "எது எரிஞ்சாலும் சிரமமின்றி அணைக்கப்பட்டதுன்னு எழுதுடா, ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாக ஒரே வாக்கியம்தான். எண்ணெய்க் கிடங்கு மூன்று நாள் எரிந்து என் புருவம் இரண்டும் போய், அண்ணி என்னைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்களே, அந்தத் தீயும் பதிவேட்டில் சிரமமின்றித்தான் அணைந்தது.

மாப்பிள்ளை போன அன்றைக்கு எரிந்தது மெத்தைக் கம்பெனி. ஐந்தாம் மாடி. பஞ்சு எரிகிற புகை இருக்கிறதே, கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். இறங்கும்போது மயங்கிக் கிடந்த காவல்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மறுபடி ஏறினார். அந்தக் காவல்காரர் எழுபது கிலோவாவது இருப்பார். ஒன்றரை மணி நேரம் கழித்து நிலையத்துக்குத் திரும்பினோம். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலின் பூட்ஸைக் கழற்றினார். "மச்சான், டீ சொல்லுங்க, சர்க்கர கம்மியா" என்றார். "இருங்க மாப்ள, இத முடிச்சுடுறேன்" என்று சொல்லிவிட்டு நான் எழுதிக்கொண்டிருந்தேன். "சிரமமின்றி அணைக்கப்பட்டது. பணியாளர்கள் அனைவரும் நலமுடன் திரும்பினர்." முற்றுப்புள்ளி வைக்கிறேன், பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். பூட்ஸைத்தான் கீழே போட்டார் என்று நினைத்தேன். மை காயட்டும் என்று ஊதிவிட்டுத்தான் திரும்பினேன், அண்ணா. பாவி நான், ஊதிவிட்டுத்தான் திரும்பினேன்.

நஷ்டஈட்டு அதிகாரி எப்போதும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார், அதனால் நான் வைத்த பெயர் பேனாமூடி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் பெரிய தொல்லை, கெட்டவராக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் அலுவலகம் மூன்றாம் மாடியில். நானும் தங்கச்சியும் விசாரணைக்குப் போன அன்று லிஃப்ட் ஓடவில்லை. உள்ளே நுழைந்ததுமே, "அடடா, மூணு மாடியும் ஏறியா வந்தீங்க? ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பழக்கதோஷம், "சிரமம் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லித் தொலைத்தேன். அதையும் குறித்துக்கொண்டார். இதயம் நின்று செத்தால் அன்றைக்கு வழக்கத்துக்கு மீறிய உழைப்பு இருந்திருக்க வேண்டுமாம். "தீயணைக்கிறவருக்குத் தீ வழக்கம்தானே, இதுல மீறினது எது?" என்றார். "சார், நெஞ்சே நின்னுபோச்சு சார்" என்றேன். "கடைசியில எல்லாருக்கும் நெஞ்சுதாங்க நிக்குது, அது ஒரு காரணமா?" என்றார்.

பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார். "வீட்ல மனஸ்தாபம் ஏதாவது உண்டாம்மா?" நம் தங்கச்சிக்குத்தான் பொய் என்பதே வாயில் வராதே! "தினமும் உண்டு சார்" என்றாள். "எதுக்கு?" "ஈரத்துண்ட கட்டில் மேலயே போடுவாரு." குடும்பத்தில் தொடர் மன உளைச்சல் என்று எழுதிக்கொண்டார். "வேலை கஷ்டமா இருக்குன்னு எப்பவாவது சொன்னாரா?" அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள். நான் மேஜைக்குக் கீழே அவள் காலை மிதிக்கப் போய், மிதித்தது பேனாமூடியின் காலை.

இயற்கை மரணம் என்று பதில் வந்த பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே! பத்தொன்பது வருஷப் பதிவேடுகளையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் அடுக்கினேன். "பாருங்க சார், மூணு நாள் எரிஞ்சதுக்கும் இதே வாக்கியம், குப்பைத்தொட்டி எரிஞ்சதுக்கும் இதே வாக்கியம், இதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இதெல்லாம் பொய்ப் பதிவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, கேஸ மறுபடி எடுத்துப் பாக்குறேன்" என்றார். போட்டால் என் வேலை போகும், நான் இருக்கிற குடியிருப்பும் போகும், மூன்று வருஷத்தில் வரவேண்டிய ஓய்வூதியமும் போகும். போடாவிட்டால் தங்கச்சி தெருவில் நிற்பாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கி வந்துவிட்டேன்.

தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்கிறாள். "இந்த வீட்டுக்கு வந்து போறவங்க டீ குடிச்சிட்டுப் போகட்டும்" என்று சுவரிடம் சொல்வாள், சுவர் குடிக்காதே என்று நான் குடிப்பேன். விஷயம் தெரிந்ததும் நேற்றுச் சுவரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "யாரும் ஒரு கையெழுத்தும் போட வேணாம். ஒரு வீடு நடுத்தெருவுக்கு வந்தது போதும், ரெண்டு வீடு வர வேணாம்."

எனவே கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். எனக்கும் குழந்தை குட்டி இருக்கிறது. நான் செய்வது சரி என்று நீங்கள் ஒரு வரி எழுதிப் போட்டால் ராத்திரி கண்ணையாவது மூடுவேன். சரியில்லை என்று தோன்றினால் எழுத வேண்டாம். அண்ணிக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நீடூழி இருக்க வேண்டும், மாடிப்படி ஏறும்போது மெதுவாக ஏறவும்.

தங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: தபால்பெட்டி அந்த அலுவலக வாசலில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் போடப் போனவன், போடாமல் மூன்று மாடி ஏறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கால் ஏறிவிட்டது. பேனாமூடி இரண்டு தடவை படித்தார். "பத்தொன்பது வருஷம் பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ இது மட்டும் உண்மைன்னு நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார். ஆகவே மாப்பிள்ளை செத்தது இயற்கை மரணமாகவே இருக்கும். ஆனால் நகல் ஒன்று என் மேலிடத்துக்குப் போகிறது, அங்கே அதை உண்மையாக எடுத்துக்கொள்வார்களாம். நான் ஆலோசனை கேட்டதை மறந்துவிடுங்கள். உங்கள் மாடியறை காலியாக இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள், இரண்டு குடும்பம்.

நேரே தங்கச்சி வீட்டுக்குத்தான் போனேன். சொன்னேன். திட்டுவாள் என்று சுவர்ப் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். "கஷ்டமா இருந்துச்சா சின்னண்ணா?" என்று கேட்டாள். சே, சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. "ஆமாம்மா, ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அண்ணா, இந்த வயசில். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவரும் ஒரு தடவையாவது இப்படிச் சொல்லியிருக்கலாம்."