தேயிலைச் சித்தரின் காவித் துண்டு

நயா பைசா வந்த வருஷத்தில்தான் கோவில்பட்டிக்குத் தேயிலைச் சித்தரும் வந்து சேர்ந்தார். சர்க்காரே அடித்துக் கொடுத்த நயா பைசாவை நம்ப மாட்டோம் என்று முரண்டு பிடித்த ஜனங்கள், சித்தரை மட்டும் வந்த அன்றைக்கே நம்பிவிட்டார்கள்.

எட்டயபுரம் ரோட்டில் சும்மா கிடந்த ஒரு பருத்தி மூட்டைக் கிட்டங்கிதான் ஆசிரமம். கடம்பூரிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். செவ்வாய், வெள்ளி என்றால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரவும் இடம் கிடையாது. சித்தர் சொன்ன சேதி அப்படி.

"தேயிலை யாரு சொத்துன்னு நெனைக்கீங்க? மலைக்காரன் சொத்தா? நம்ம கரிசக்காட்டுச் சொத்து. வெள்ளைக்காரன் இங்கன இருந்துதான் விதையத் திருடி மலைக்குக் கொண்டு போனான். மண்ணும் கறுப்பு, தேயிலையும் கறுப்பு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்துக்காரன் வரப்பை ஒரு முழம் நகர்த்தினால் பத்திரம், சர்வேயர், வக்கீல் என்று கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிற ஊர்தான் இது. ஆனால் மண்ணைப் புகழ்ந்துவிட்டால் கரிசல்காரனுக்குத் தலைகால் புரியாது.

வீட்டுக்கு ஒரு சட்டி கொடுத்தார். சட்டியில் மந்திரித்த மண், மண்ணில் ஒரு கன்று. காணிக்கை அவரவர் வசதிப்படி. வசதி எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் சித்தர். கன்றைப் பார்த்த, காடு உழுகிற ஒரு சம்சாரி தலையைச் சொறிந்தார்.

"சாமி, இது மஞ்சணத்தி கணக்கால்லா இருக்கு."

மஞ்சணத்தி கரிசல் காட்டில் கேட்காமலே முளைத்து, வெட்ட வெட்டத் தழைத்து, மண்வெட்டியை மழுங்கடிக்கிற சனியன். அதைத் தெரியாத சம்சாரி கிடையாது. சித்தர் சாந்தமாகச் சிரித்தார்.

"ராமர்கூட மனுசன் கணக்காத்தான் இருந்தாரு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கேள்வி கேட்ட சம்சாரி இரண்டு சட்டியாக வாங்கிக்கொண்டு போனார்.

இலை தேயிலைதான் என்பதற்கு நிரூபணமும் உண்டு. வீட்டில் காயவைத்த இலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சித்தர் தம் தோளில் கிடக்கும் காவித் துண்டின் முனையில் அதை முடிந்து, மேலே வெந்நீர் ஊற்றுவார். கீழே டம்ளரில் இறங்குவது அசல் டீ. நிறம், மணம், சீனி போட்ட இனிப்பு எல்லாம் உண்டு. பால் மட்டும் கிடையாது, பால் தீட்டாம். அந்தத் துண்டில் எந்நேரமும் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். ஓர் எறும்பைக்கூட விரட்டாத கருணையை நினைத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதே இலையை வீட்டில் கொதிக்கவைத்தால்தான் கசப்புக் கஷாயம். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சித்தர் கண்ணை மூடிப் பதில் சொன்னார். வீட்டில் யாருக்கோ கைத்தோஷம். யாருக்கு? எந்த வீட்டிலும் மாமியாருக்குக் கைத்தோஷம் வந்ததாகத் தகவல் இல்லை. வந்ததெல்லாம் மருமகளுக்குத்தான்.

இந்த இடத்தில் இசக்கியம்மாள் மாட்டிக்கொண்டாள்.

அவள் கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடை போட்டிருந்தவரின் மகள். கண்ணுசாமியைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. டீ என்றால் அவளுக்கு உயிர். தண்ணீர் தளதளக்கும்போது தூளையும் சீனியையும் போட்டு, உடனே இறக்கி மூடி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பாலைச் சேர்த்து நுரை பொங்க ஆற்றிக் கொடுப்பாள். கண்ணுசாமி குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்ல மாட்டான். டம்ளரை மறுபடி நீட்டுவான். அந்த நீட்டலுக்காகவே அவள் காலையிலிருந்து காத்திருப்பாள்.

கண்ணுசாமி பருத்திப் பேட்டையில் தராசு பிடிக்கிறவன். ஈரம் இருக்கிறதா, கல் கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவாமல் ஒரு பொதியைத் தராசில் ஏற்ற மாட்டான். அப்பேர்ப்பட்டவன், தன் தாயார் பத்திரகாளி தலையில் சுமந்து வந்த மஞ்சணத்திச் சட்டியைக் கும்பிட்டு இறக்கி வைத்தான். இசக்கி தண்ணீர் ஊற்றினாள், இலை பறித்தாள், முறத்தில் காயவைத்தாள், காய்ச்சியும் கொடுத்தாள். அன்றைக்குக் கண்ணுசாமி டம்ளரை நீட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

பத்திரகாளி நேரே சித்தரிடம் போய்த் தீர்ப்போடு திரும்பினாள்.

"உன் கைதான் சரியில்லையாம்ட்டி. வெள்ளிக்கிழமை சபையில வச்சி உன்னய உங்கப்பன் வீட்டுக்கு அனுப்பணுமாம். கறவை மாட்ட ஆசிரமத்துல கட்டணுமாம். கை சுத்தமானதும் அவியளே சொல்லி விடுவாவளாம்."

பால்தான் தீட்டு, மாடு தீட்டில்லை போலும்.

அடுத்த தெரு மருமகள் இப்படித்தான் சித்திரையில் பெட்டியோடு போனாள். ஆவணியாகியும் ஆள் வரவில்லை, பேச்சும் வரவில்லை. இசக்கி கண்ணுசாமியிடம் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"அம்மையும் சொல்லுதா, சாமியும் சொல்லுதாரு. நான் என்னட்டி செய்ய?" என்று அவன் விட்டத்தைப் பார்த்தான். விட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இசக்கிக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

போவதற்கு முன் ஒரு நல்ல டீயாவது குடித்துவிட்டுப் போவோம் என்று அப்துல் சுபஹான் பலசரக்குக் கடைக்குப் போனாள். தூள் இல்லை.

"இருந்ததெல்லாம் ஆசிரமத்துச் சீடப்பிள்ளை அள்ளிட்டுப் போயிட்டான்மா. சீனியும் சேத்துத்தான். எப்பவும் அவனுக்குத்தான் மொத்தமாப் போவுது" என்றார் சுபஹான்.

"தூளே இல்லாம டீ எறக்குத சாமிக்குத் தூளு எதுக்கு பாய்?"

"அதக் கேட்டா அடுத்த வாரம் அவன் வேற கடைக்கில்லா போயிருவான்" என்று அவர் புளியை நிறுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த இசக்கி பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். அடுப்படிக் கொடியில் வடிகட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. பிறந்த வீட்டுக்கு அதையும் கொண்டுபோவோம், இவர்கள் கஷாயத்தையே வடிகட்டட்டும் என்று எடுத்தாள். எறும்பு மொய்த்திருந்தது. எறும்பு போகட்டும் என்று செம்பில் போட்டு வெந்நீரை ஊற்றினாள். தண்ணீர் சிவந்தது. துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வேட்டியில் கிழித்த துணி அது. டீயில் தினம் நனைந்து நனைந்து நல்ல காவி நிறமாகியிருந்தது.

இசக்கி சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மருமகளுக்குப் பேயும் பிடித்துவிட்டது என்று பத்திரகாளி திருநீற்றைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை கிட்டங்கி நிரம்பி வழிந்தது. கறவை மாடு வாசலில் நின்றது. சித்தர் கையை நீட்டினார்.

"இலையக் குடும்மா. உன் கையோட தோஷத்த ஊரு பாக்கட்டும்."

"இலை வேண்டாம் சாமி" என்றாள் இசக்கி. "வெறும் வெந்நீய உங்க துண்டு மேல ஊத்துவோம். டீ வராட்டா, நான் இப்பவே கயத்தாறு பஸ் ஏறுதேன். மாட்டையும் நீங்களே கட்டிக்கிடுங்க."

சித்தரின் முகத்தில் காவி தவிர எல்லா நிறமும் வந்து போயிற்று.

"சித்தர்களச் சோதிச்சா வம்சம் விளங்காது."

கூட்டம் நடுங்கியது. பத்திரகாளி மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் கண்ணுசாமிக்கு எங்கேயோ போயிருந்த புத்தி திரும்பி வந்தது. அவன் எழுந்து முன்னால் வந்தான்.

"கைய விட்டுத் துழாவிப் பாக்காம நான் ஒரு பொதிய ஏத்துததில்ல சாமி. நல்ல பருத்தின்னா துழாவுததுல ஒண்ணும் கொறஞ்சி போகாது. நீ ஊத்துட்டி."

துண்டின் முனையை அவன் டம்ளருக்கு மேல் பிடித்தான். இசக்கி தூக்குச்சட்டியைச் சாய்த்தாள். இலை இல்லை, மந்திரம் இல்லை, சித்தரின் சம்மதமும் இல்லை. டீ மட்டும் இறங்கியது.

அவள் விடவில்லை. வெளுத்த துணி ஒன்றை மடியிலிருந்து எடுத்தாள். சித்தர் மந்திரித்த இலையை அதில் கட்டி ஊற்றினாள். பச்சை நிறத் தண்ணீர் சொட்டியது. அந்த டம்ளரைச் சித்தர் முன்னால் வைத்தாள்.

"உங்க தேயிலைதான் சாமி. நீங்க ஒரு வாய் குடிங்க."

சித்தர் குடிக்கவில்லை, எழுந்தார். எழுந்தவரின் துண்டைக் கண்ணுசாமி விடவில்லை. வேறு யாரோ ஒரு செம்பு வெந்நீரை அவர் வேட்டி மேல் வீச, அதிலும் டீ இறங்கியது. அதை மட்டும் ஒருவரும் குடிக்க முன்வரவில்லை. சூடு தாங்காமல் வேட்டியையும் உதறிய சித்தர் கோவணத்தோடு ரோட்டுக்கு ஓடி, போகிற பருத்தி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டார். கிட்டங்கியே விழுந்து விழுந்து சிரித்தது. முதலில் சிரித்தவர் இரண்டு சட்டி வாங்கிய சம்சாரி.

மறுநாள் காலை கயத்தாறு பஸ்ஸிலும் கடம்பூர் பஸ்ஸிலும் மாமியார்கள் கூட்டம். எல்லாரும் மருமகளைக் கூப்பிடப் போகிறவர்கள். அடுத்த தெரு மருமகள் சும்மா வரமாட்டேன், ஊர் அறியச் சொன்னதை மாமியார் ஊர் அறியத் திரும்ப வாங்கட்டும் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. இசக்கிக்கு அதைக் கேட்டு மனசு குளிர்ந்தது.

அன்றைக்கு அடுப்படியிலிருந்து வந்தவள், பத்திரகாளி சாமிமாடத்தில் எதையோ ஒளித்து வைத்துக் குங்குமம் இடுவதைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தால் சித்தரின் காவித் துண்டு.

"ஆளு கள்ளன்தாம்ட்டி, நான் இல்லேங்கல" என்று பத்திரகாளி முணுமுணுத்தாள். "ஆனா துண்டுல டீ வந்துதுல்லா? அதுல என்னமும் சக்தி இருந்தா?"

இசக்கி துண்டை உருவி அடுப்படிக் கரித்துணியோடு போட்டாள்.

"டீய மட்டும் துணி வச்சி வடிகட்டிக் குடிக்கத் தெரியுது. சாமியாரு சொன்னத மட்டும் ஏன் தூளோட முழுங்குதீய அத்தை?"