ஹெட் கிளார்க் ஆகும் வழி

மேனேஜர் சங்கையா உள்ளே வந்ததும் ஆபீஸே எழுந்து நின்றது. ஞானராஜ் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

"கால்ல சுளுக்கா, வே?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்" என்றார் ஞானராஜ். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

மேனேஜர் செத்த நேரம் அவரைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். 'இப்போது நம்மைப் பற்றித்தான் யோசிப்பார்' என்று ஞானராஜ் சந்தோஷப்பட்டார். அதென்னவோ உண்மைதான், மேனேஜர் அன்று பூராவும் அவரைப் பற்றித்தான் யோசித்தார்.

இராஜபாளையத்தில் அந்தப் பஞ்சாலை திறந்த நாளிலிருந்து ஞானராஜ் அங்கே கிளார்க். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் ஹெட் கிளார்க் ஓய்வு பெறப் போனார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒன்று ஞானராஜ். இன்னொன்று நேற்று முளைத்த ஜேசுதாசன். போட்டியாவது வெளியாளாக இருந்தால் பரவாயில்லை. ஜேசுதாசன் அவர் சம்சாரம் தேவகிருபைக்குக் கூடப்பிறந்த தம்பி. மச்சினன் முன்னால் கைகட்டி நின்று லீவு கேட்பதைவிடச் சொந்த ஊர் கூமாப்பட்டிக்குப் போய் மாடு மேய்க்கலாம் என்று ஞானராஜ் நினைத்தார். நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய புத்தகக் கடையில், உத்தியோகத்தில் மேலே வருவது பற்றி யாரோ அனுபவஸ்தர் எழுதிய புத்தகம் கிடைத்தது. நைந்து தாள் தாளாகக் கழன்றிருந்தது. அதே தெருவில் பைண்டிங் கடை வைத்திருந்த பிச்சை முகம்மதுவிடம் கொடுத்து, கெட்டி அட்டை போட்டு வாங்கி வந்தார்.

முன்பாதி எல்லாம் தெரிந்த சங்கதி. தினமும் சவரம் செய், வேளையோடு வேலைக்குப் போ, இப்படி. அதற்குப் பிறகுதான் புத்தகம் சூடு பிடித்தது. 'வந்ததும் எழுந்து ஓடாதே. நீ காத்துக் கிடப்பதாகத் தெரிந்தால் மதிப்பு போய்விடும்' என்று இருந்தது. இதற்கு முன் ஒருத்தரும் அவருக்குச் சொல்லித் தராத பாடம். செய்து பார்த்தால் என்னதான் ஆகும் என்று ஞானராஜுக்கு மனசு குறுகுறுத்தது. தேவகிருபைக்குத்தான் சந்தேகம். இதை எழுதினவர் எங்கேயாவது வேலை பார்த்திருக்கிறாரா என்று கேட்டாள். தம்பிக்காகப் பேசுகிறாள் என்று ஞானராஜ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுந்து நிற்காததற்கு விளக்கம் கேட்டு, மறுநாள் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். அதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. 'முறைத்தால் நீயும் நேருக்கு நேர் பார். முதலில் கண்ணை எடுத்தால் உன் கதை முடிந்தது.' ஞானராஜ் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கண்வலியோட ஏம்வே வந்தீரு? ஆபீஸ் பூராவும் ஒட்டிக்கிடும். வீட்டுக்குப் போம்."

ஞானராஜ் வீட்டில் கிடந்த நாலு நாளும் அவர் வேலையை ஜேசுதாசன் சேர்த்துப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான் என்று பேச்சு. ஞானராஜுக்கு வயிறு எரிந்தது. இனி தயங்கினால் காரியம் கெட்டுவிடும் என்று அடுத்த இரண்டு பாடத்தையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

அன்றைக்குப் பார்த்து ஒரு கணக்கு உதைத்தது. மேனேஜர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். 'கத்தினால் பதில் பேசாதே. முதுகைக் காட்டித் திரும்பி நில். தானாக அடங்கும்.' ஞானராஜ் திரும்பி நின்றார். என்ன ஆச்சரியம், மேனேஜர் குரல் அப்படியே அடங்கிவிட்டது. எழுதினவர் லேசுப்பட்ட ஆளில்லை என்று ஞானராஜுக்கு உடம்பு சிலிர்த்தது.

'அடங்கியதும் தாமதிக்காதே. ருசியான பண்டம் ஒன்றை உன் கையாலேயே வாயில் கொடுத்து, சபாஷ் என்று தட்டிக்கொடு.' பால்கோவா சட்டைப் பையில் தயாராக இருந்தது. மறுபடி அவர் பக்கம் திரும்பி, திறந்தபடி இருந்த மேனேஜரின் வாயில் அதை வைத்து, "சபாஷ்" என்று தோளில் தட்டினார்.

மேனேஜர் அதை விழுங்க முடியாமலும் துப்ப முடியாமலும் நின்றார்.

சாயங்காலம் உத்தரவு வந்துவிட்டது. ஜேசுதாசன் ஹெட் கிளார்க். ஞானராஜுக்குத் திங்கட்கிழமையிலிருந்து மூட்டை அடுக்கி வைக்கிற பஞ்சுக் கிட்டங்கியில் எண்ணிக்கை பார்க்கும் வேலை. அதைச் சொல்ல வந்தவனும் ஜேசுதாசன்தான்.

"அத்தான், தப்பா நெனைக்காதீய" என்றான். ஞானராஜ் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் கோபம் வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். பழைய புத்தகக் கடை பூட்டியிருந்தது. அந்தக் கோபத்தை யாரிடமாவது காட்டியாக வேண்டுமே. பைண்டிங் கடைக்குள் நுழைந்து புத்தகத்தைப் பொத்தென்று போட்டார்.

"இதை நம்பி என் பொழப்பே போச்சு பாய்."

பிச்சை முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் புரட்டினார். நடுப்பக்கத்தில் நின்று தையலை விரலால் நீவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி, தப்பு என் பேர்லதான். அன்னைக்கு ரெண்டு புஸ்தகத்தைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். ஒரே அளவு, ஒரே அச்சாபீசு, பக்க நம்பரும் தொடர்ச்சியா இருந்திச்சு. இதுல பின்பாதி உங்களோடது இல்ல. செட்டியார்பட்டி முத்துவீரனோடது. வேட்டை நாய் பழக்குற புஸ்தகம்."

ஞானராஜ் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப என் புஸ்தகத்துல மிச்சம்?"

"அவர் கையிலதான் இருக்கு. அதுல உள்ளபடியே நாயைப் பழக்கியிருக்காரு. நேத்து உங்க மேனேஜர் பாத்துட்டு, இம்புட்டு மரியாதை தெரிஞ்ச ஒரு ஆளு எங்க ஆபீஸ்லயே இல்லன்னு நாயைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாவளாம். திங்கக்கிழமையிலேருந்து பஞ்சுக் கிட்டங்கிக்கு அதுதான் பொறுப்பாம்."