சமையலுக்கு மூன்று புள்ளி

பஸ் டிப்போவில் அவருக்கு மணி சார் என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. வாசலில் நின்று எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக் குறித்து, சொந்தப் பெயர் தேய்ந்து மணி மட்டும் மிஞ்சிவிட்டது. நாற்பது பஸ்களை விரட்டுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு அசையமாட்டார்.

ஒருநாள் டிப்போவுக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். வேலையை விளையாட்டாக மாற்றிவிட்டால் யாருக்கும் சலிக்காது என்றார். நேரத்துக்கு வரும் டிரைவருக்குப் பத்துப் புள்ளி, வாரக் கடைசியில் பட்டம், கைதட்டல். புள்ளி எழுதும் பலகை மாட்டிய மறுநாளிலிருந்து பஸ்களெல்லாம் டாண் டாண் என்று வந்தன. எந்த நிறுத்தத்திலும் நிற்காமல்தான் வருகின்றன என்பது, பயணிகள் திரண்டு வந்து சண்டை போட்டபோது தெரிந்தது. மேலதிகாரி பலகையைக் கழற்றி மூலையில் சாத்தினார். மணி சார் அதைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டு வேலைகளுக்குப் புள்ளி எழுதிக் கூடத்தில் மாட்டினார். வீட்டில் பஸ்ஸா ஓடுகிறது?

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவர். பல்லிடுக்கில் குண்டூசியோடு பலகையைப் படித்தார். விளக்கணைத்தால் ஐந்து. குழாயை இறுக்கி மூடினால் ஐந்து. பேப்பரை மடித்து வைத்தால் பத்து. தம்ளர் கழுவினால் இரண்டு. சமையலுக்கு மூன்று. வாரத்தில் முதலாவதாக வருபவருக்கு ஞாயிறு முழுக்க ஓய்வு.

"சமையலுக்கு மூணா?"

"அது தினமும் தானா நடக்கறதுதானே."

"தானா நடக்குதா?"

"விளையாட்டுன்னா கஷ்டமான காரியத்துக்குத்தான் புள்ளி ஜாஸ்தி."

"விளக்கணைக்கறது கஷ்டமா?"

"ஞாபகம் வெச்சுக்கணுமே. மூளை வேலை."

மனைவி குண்டூசியை எடுத்துவிட்டு, "சரி, ஆடலாம்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே மணி சார் சுதாரித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை. தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றபோது குளியலறை இருண்டது.

"யாரு?"

"நான்தான். அஞ்சு" என்றது மனைவியின் குரல்.

தடவித் தடவிக் கதவைத் திறந்து, வெளியே கைவிட்டு விளக்கைப் போட்டார். மறுபடி இருண்டது.

"பத்து."

எப்படியோ குளித்து வந்தால், எட்டாவது படிக்கும் மகள் ஒன்பது தம்ளர்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்தது கழுவப்பட்டது. கழுவியதில் மறுபடி குடித்தாள்.

"என்னம்மா இது?"

"தாகம்பா."

அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை.

"சாப்பாடு?"

"மூணு புள்ளிக்கு யாருங்க அடுப்புல வேகறது? எனக்கு இன்னும் ரெண்டு ரூம்ல விளக்கு இருக்கு."

இரண்டு நாள் ரொட்டியும் தண்ணீரும். தண்ணீருக்குக்கூடத் தம்ளர் மகளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. புதன்கிழமை மாலை மணி சார் மூன்றை அழித்தார். வேளைக்கு ஐம்பது என்று எழுதினார்.

"அம்பதா? யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"போட்டாச்சு. இனி மாத்தறதா இல்ல."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க. நான் இருநூத்திப் பத்து. பொண்ணு நூத்தி எண்பது. நீங்க முப்பத்தஞ்சு. பின்னாடி நிக்கறவருக்கு வழி விடணும்ல?"

"அப்பாதான் லாஸ்ட்" என்றாள் மகள், தம்ளரைத் துடைத்தபடி.

அது சுருக்கென்று தைத்தது. ஆயுள் முழுக்க மற்றவர்களைத் தாமதம் என்று எழுதியவர். தான் கடைசி என்று யாரும் எழுதியதில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

மனைவி மெஷினடியிலிருந்தே வழி சொன்னார். "இன்னும் ஒரு விரக்கடை தண்ணி. உப்பு போட்டாச்சுங்க, மறுபடி போடாதீங்க." முதல் நாள் சோறு பசையாக வந்தது. ஆனாலும் ஐம்பது ஐம்பதுதான். வியாழனன்று மூன்று வேளை, நூற்றைம்பது. வெள்ளியன்று வாசனை வந்தது. சனிக்கிழமை இரவு கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்று முப்பத்தைந்து. யாரும் கிட்டே இல்லை. மனைவி வெட்டுத்துணியில் ஒரு பதக்கமே தைத்து, சட்டையில் குத்திவிட்டார்: சமையல் சக்கரவர்த்தி.

ஞாயிறன்று சக்கரவர்த்தி பதக்கத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். மனைவி சமைத்துப் போட்டார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் மணி சார், விஷயம் தெரிந்தவராக.

"இருக்கும். உங்க கைப்பக்குவம் எனக்கு வருமாங்க?"

மனிதர் குளிர்ந்துபோனார். குளிர்ந்த கையோடு ஒரு முடிவும் எடுத்தார். ஜெயித்தாயிற்று. இத்தோடு ஆட்டத்தைக் கலைத்துவிட்டு, பழையபடி நாற்காலிக்குத் திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.

திங்கட்கிழமை விடிந்ததும் பலகையைக் கழற்றலாம் என்று கூடத்துக்கு வந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"பலகை எங்க?"

"துணி வெட்ட வெச்சுக்கிட்டேன். இனிமே அது எதுக்குங்க?" மெஷின் கடகடத்தது.

"அப்ப ஆட்டம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. புள்ளியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் மணி சார், பெரிய நிம்மதியோடு. சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார்: கையில் பாதி உரித்த வெங்காயம்.