ஏழு பெட்டி பீச் பழமும் டிரெய்லரின் மூக்கும்

பியூட், மொன்டானா
அக்டோபர் 3

அன்புள்ள வில்மா அக்காவுக்கு,

எல்டன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறது என்று லோர்னா சொன்னாள். கேட்க நிம்மதியாக இருந்தது. தோட்டத்தில் பறிப்பும் முடிந்திருக்கும்.

நீங்கள் போன மாதம் போட்டுக் கொடுத்த பீச் பழ ஜாடிகள் ஏழு பெட்டியையும் இந்தக் குளிர்காலம் அரிசோனாவுக்கு எடுத்துப்போக முடியாது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாமல் முழுவதையும் படியுங்கள்.

போன ஆண்டு மொனிடா கணவாய் இறக்கத்தில் பிக்கப்புக்குப் பின்னால் நாங்கள் இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லர் இடமும் வலமும் வீசி வாலாட்டியது உங்களுக்குத் தெரியும். விபத்துச் செய்தி எழுதியே முப்பது ஆண்டு கழித்தவன் நான். வாலாட்டும் டிரெய்லர் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், ஆனால் அதை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. அடிவாரத்தில் நிறுத்தியதும் லோர்னா கைகளை மடியில் வைத்தபடி, "இன்னொரு தடவ இது வாலாட்டுச்சுன்னா நீ தனியா போய்க்க. நான் பஸ்ல வருவேன். வராமயும் இருப்பேன்" என்றாள். சொன்னால் செய்வாள். அவள் இல்லாமல் அரிசோனாவில் எனக்கு என்ன வேலை?

அதனால் இந்த ஆண்டு கிளம்புமுன் எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி, நேற்று நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்து எடைமேடைக்குப் போனோம். போன ஆண்டு பின்கட்டிலுக்கு அடியில் இருந்த ஜாடிகளை லோர்னா இந்த முறை டிரெய்லரின் மூக்குப் பக்கத்து முன்பெட்டியில் அடுக்கியிருந்தாள். முதலில் டிரெய்லரோடு நிறுக்க வேண்டும், பிறகு அதைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் நிறுக்க வேண்டும். பிக்கப்பின் சக்கரங்கள் இரண்டு முறையும் காட்டும் எடைகளின் வித்தியாசம்தான் டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் கொக்கியை அழுத்தும் பாரம். பாரம் கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்காரும், குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். மேடையில் ஏறியதும் ஒலிபெருக்கியில் ஒரு பெண், "ஐயா, முன்சக்கரம் மொதல் பலகைய தாண்டி நிக்குது. கொஞ்சம் பின்னால வாங்க. உங்க பின்னால நாலு லாரிக்காரங்களுக்கு நரை விழுந்துட்டிருக்கு" என்றாள். கழற்றுவதற்கு அரைமணி பிடித்தது. ஒரு லாரிக்காரர் ஜன்னல் வழியாக, "அண்ணே, வீட்ட நிறுக்குறீங்களா, நிறுத்து விக்கிறீங்களா?" என்றார். லோர்னா நாலு யோசனை சொல்லிப் பார்த்துவிட்டு, "நான் உள்ள போய் ஒரு காபி குடிக்கிறேன்" என்று போனாள். நான் பிக்கப்பை நிறுத்து, எடைச்சீட்டு இரண்டையும் வைத்துக் கழித்தேன். கொக்கி தாங்குவது எழுநூறு பவுண்டு. மூக்கின் பாரம் எழுநூற்றுத் தொண்ணூறு.

முன்பெட்டியில் கனமானவை உங்கள் ஜாடிகள்தான். ஜனவரியில் லோர்னா ஒரு ஜாடியைத் திறந்தால் அன்று சாயங்காலம் முழுக்க உங்களைப் பற்றியே பேசுவாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டுமே. இறக்கி வைத்துவிடலாம் என்றதும் சரி என்றாள், முகம்தான் சரியாக இல்லை. பெட்டிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறோம். அடுத்த ஆண்டு எங்களுக்காக நீங்கள் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

உங்கள் தங்கை கணவன்,
எல்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லோர்னா இதை வாங்கிப் படித்தாள். "மொத தடவ நிறுக்கும்போது நான் எங்க இருந்தேன்?" என்றாள். என் பக்கத்தில் என்றேன். "ரெண்டாவது தடவ?" காபி குடித்துக்கொண்டிருந்தாய் என்றேன். "அப்ப என் எடையையும் சேத்துத்தான் மூக்குல ஏத்தியிருக்க."

இன்று காலை மறுபடி போனோம். இரண்டு முறையும் அவள் பிக்கப்பை விட்டு இறங்கவில்லை. பாரம் சரியாக இருக்கிறது; ஜாடிகளை இறக்கியிருந்தால்தான் மூக்கு லேசாகி வாலாட்டியிருக்கும். ஏழு பெட்டியும் முன்பெட்டியிலேயே வருகின்றன, அடுத்த ஆண்டும் கட்டாயம் போடுங்கள். புதிய எண்ணை இங்கே எழுதவில்லை. எழுதினால் எழுநூற்றுத் தொண்ணூறிலிருந்து நீங்கள் அதைக் கழித்துப் பார்த்துவிடுவீர்கள். லோர்னா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நானும் கழிக்கவில்லை.