பல்லாவரத்தில் நான் ஏறிய அரியணை

நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு: தெரியாததையும் நன்றாகவே பேசிவிடுவோம்.

அந்த நோய் எனக்கு முற்றியிருந்த நாளில்தான், பல்லாவரத்தில் அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படும் விக்டோரியா காலத்து மாளிகைக்கு, வழிகாட்டி வேலைக்கான தேர்வுக்குப் போனேன். (பேச்சுப்போட்டிக் கோப்பைகள் எங்கள் தாம்பரம் வீட்டு பீரோவின் மேல் இடமின்றி ஃப்ரிட்ஜின் மேல் குடியேறியிருந்த காலம். வேலை கிடைத்துவிட்டதாகத் தோழிகளுக்கு முதல் நாளே அறிவித்தும் விட்டேன்.)

பார்வையாளர்களுக்கு மாளிகையைச் சுற்றிக்காட்ட வேண்டும், அதுதான் தேர்வு. காப்பாட்சியர் அம்மையார் நான்கு பக்கக் குறிப்பைத் தந்து, "ஒரு தடவ பாத்துக்கோம்மா" என்றார். தாளைப் பார்த்துப் பேசுவது மேடைக்கு இழுக்கு. மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

கூடத்திலும் நூலகத்திலும் கைதட்டலே வாங்கினேன். பார்வையாளராக வந்திருந்த அப்பா, பெருமிதத்தோடு கைப்பேசியில் படமெடுத்தார். அடுத்தது துரையின் படுக்கையறை. மூலையில், அகன்ற கைப்பிடிகளோடும் மெத்தை தைத்த மூடியோடும், பெட்டி போன்ற ஒரு தேக்கு நாற்காலி.

"அவையோரே! இந்த அரியணையில் அமர்ந்துதான் வெள்ளைக்காரத் துரை நம் தலைவிதியைத் தீர்மானித்தான்!"

பின்னால் நின்ற துப்புரவுப் பணியாளர் செல்வி அக்கா, வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். (உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.)

"எத்தனை கொடுமைகள் இதிலிருந்து வெளிப்பட்டன!"

அக்கா என்னை நிறுத்த வேறு வழியின்றி, அந்தக் காலத்தில் வேலையாட்களை அழைக்கக் கட்டிய மணியின் கயிற்றை இழுத்தார்.

பேச்சுப்போட்டியில் முதல் மணிக்குப் பொருள், ஒரு நிமிடம் மிச்சம், முழக்கத்தோடு முடி என்பதே; இரண்டாவது மணிக்கு, மேடையை விட்டு இறங்கு என்பது. என் உடம்பே அதற்குப் பழகியிருந்தது.

"இன்று அதே அரியணையில் ஒரு தமிழச்சி அமர்கிறாள்!" என்று முழங்கி, கால்மேல் கால் போட்டு அமர்ந்தேன்.

மூடி நழுவியது. உள்ளிருந்த பீங்கான் சட்டி 'ணங்' என்றது. அது இரண்டாவது மணி.

"ஐயோ, எய்ந்திரு பாப்பா! அது தொர வெளிக்குப் போன பொட்டி! அதும்மேல குந்திக்கினு கீறியே!" என்று அலறினார் செல்வி அக்கா.

அம்மையார் நெற்றியில் கைவைத்தார். "மூணாவது பக்கத்துல எழுதியிருந்தேனேம்மா."

வேலை வேறொருவருக்குப் போனது. ஆனால் அந்த நாற்காலியின் மேல் 'அமராதீர்' என்றொரு பலகை இன்றும் தொங்குகிறது; மாளிகையின் வரலாற்றுக்கு என் பங்களிப்பு அது.

அப்பா எடுத்த காணொளியைப் பார்க்காத உறவினர் எவருமில்லை. இப்போதும் நான் குளியலறையில் சற்றுத் தாமதித்தால், கதவுக்கு வெளியே அப்பா பூஜை மணியை அடிப்பார்.

"அவையோரே, அரியணைய காலி பண்ணுங்க! நான் ஆபீஸ் போணும்!"

இரண்டாவது மணி அடிக்கும்வரை இறங்குவதில்லை என்பதே இன்றளவும் என் கொள்கை.