ஸ்ரீஹரி சொன்னாரு

ஜவஹருக்கு உயிர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, தி.நகர் ஜவுளிக்கடை. இன்னொன்று, புரோட்டா. அதனால் டாக்டர், "உங்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம்" என்றபோது, "புதுசா வந்த சேலையா டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "தொப்பை, பிரஷர், சர்க்கரை, ரத்தத்துல கொழுப்பு. எல்லாம் ஒண்ணா கூட்டணி வச்சிருக்கு. மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். கீரை, பயறு, சிறுதானியம் சாப்பிடணும். தினமும் வேகமா நடக்கணும்."

"வாயிலயும் கொழுப்பு இருக்கு டாக்டர். அதுக்கு ஏதாவது?" என்றாள் மனைவி மதுமதி.

வீட்டுக்கு வந்ததும் ஜவஹர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கீரை தின்ன நான் என்ன ஆடா? தெருத்தெருவா நடக்க நான் என்ன தபால்காரனா?"

மதுமதி கெஞ்சினாள். அழுதாள். பட்டினி கிடந்தாள். ஜவஹர் அசையவில்லை. அசைகிற உடம்பாகவும் அது இல்லை.

ஒருநாள் அவளே ஷூ வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் பூங்காவுக்குத் தனியாகக் கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் ஜவஹர் பார்த்த சிரிப்பு.

"என்ன சிரிப்பு?"

"பார்க்குல ஸ்ரீஹரி சார்னு ஒருத்தருங்க. உங்களுக்கு இருக்கிற வியாதிதான் அவருக்கும். கொள்ளு ரசமும் வரகரிசியுமா சாப்பிட்டு என்னமா ஆயிட்டாரு! தொப்பையே இல்ல. சட்டையை உள்ள விட்டு பெல்ட் போடறாரு."

ஜவஹரின் இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்து பல வருஷம். அன்று தட்டில் பூரி மிச்சமானது.

மறுநாள், "ஸ்ரீஹரி சார் முருங்கைக்கீரை அடை பத்திச் சொன்னாரு" என்றாள். அதற்கும் மறுநாள் 'சார்' காணாமல் போய்விட்டது. "ஸ்ரீஹரி சொன்னாரு."

ஜவஹருக்குப் பற்றி எரிந்தது. கடையில் ரவிக்கைத் துணியைத் தேவைக்கு மேல் ஆவேசமாகக் கிழித்தார்.

"எனக்கும் அந்தக் கொள்ளு ரசத்தை ஊத்து!"

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்க என்ன ஆடா?"

"ஊத்துங்கேன்!"

காலையில் அவள் கிளம்பியதும் பின்னாலேயே கிளம்பினார். மரத்துக்கு மரம் ஒளிந்து ஒளிந்து தொடர்ந்தார். மதுமதி வேகமாக நடந்தாள். அவரும் வேகமாக நடந்தார். அவள் ஓடினாள். அவரும் மூச்சு வாங்க ஓடினார். பெல்ட் போட்டவனெல்லாம் ஸ்ரீஹரியாகத் தெரிந்தான். நிஜ ஸ்ரீஹரி மட்டும் அகப்படவில்லை. வாரங்கள் ஓடின. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது.

டாக்டர் துள்ளிக் குதித்தார். "பிரமாதம் சார்! சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு!"

"அவனுக்கு எவ்வளவு டாக்டர்?"

"யாருக்கு?"

ஒருநாள் காலை, வழக்கமாக ஒளியும் வேப்பமரத்தின் பின்னால் ஏற்கெனவே ஓர் ஆள் ஒளிந்திருந்தார். ஒல்லி. இடுப்பில் பெல்ட்.

"கொஞ்சம் தள்ளி நில்லும் ஓய். மறைக்கறது."

அவர் பார்வை போன இடத்தில் ஒரு பெஞ்ச். அதில் மதுமதி. பக்கத்தில் யாரோ ஒரு பெண்மணி. ஜவஹருக்குச் சந்தேகம் தட்டியது.

"உங்க பேரு?"

"ஸ்ரீஹரி."

ஜவஹர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். "நீதானாய்யா அது? நான் ஜவஹர்! மதுமதி புருஷன்!"

"ஜவஹரா!" அடுத்த நொடி இவர் சட்டை அவர் கையில். "எங்காத்துக்காரி சிந்து வாயில தினம் உம்ம பேர்தான் ஓடிண்டிருக்கு! ஜவஹர் கேழ்வரகு சாப்பிடறார், ஜவஹர் மான் மாதிரி ஓடறார், ஜவஹருக்குத் தொப்பையே இல்லை..."

இருவரும் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தார்கள். பிடி தளர்ந்தது. பெஞ்சில் இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் ரூம் வாசல்ல பழக்கம்" என்றாள் மதுமதி, கொஞ்சமும் கூச்சப்படாமல். "அங்க உட்கார்ந்துதான் பேசி முடிவு பண்ணினோம்."

"நாளையிலேர்ந்து நாங்க நடக்கப்போறதில்லை!" என்று கணவர்கள் இருவரும் ஒரே குரலில் முழங்கினார்கள்.

"வேண்டாம். வீட்டுல படுத்துத் தூங்குங்க. எங்களுக்குப் பேச்சுத்துணைக்கு விஜயராகவன் இருக்காரு" என்றாள் மதுமதி.

"எந்த விஜயராகவன்?"

"புதுசா வந்துண்டிருக்கார்" என்றாள் சிந்து.

மறுநாள் விடிகாலை. பூங்காவின் கேட்டை இன்னும் திறக்கவில்லை. வெளியே இருட்டில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"அப்படி ஒருத்தன் இருக்கவே மாட்டான் ஓய்" என்றார் ஸ்ரீஹரி.

"தெரியும் சாமி" என்று ஜவஹர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். "இருந்துட்டா?"