வலம் வந்த குழாய்

திருச்சி ஜில்லாவில் வேலை நேரத்தில் தூங்கியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். என் ஆபீஸிலேயே பாதிப் பேர் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆனால் வேலை பார்ப்பதற்காகவே தூங்கியவர் எல்போ ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பக்கம் குழாய் ரிப்பேர் என்றால் எல்போதான். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. பைப் திரும்புகிற இடத்தில் மாட்டுகிற முழங்கை மாதிரியான துண்டுக்கு எல்போ என்று பெயர். மற்ற பிளம்பர்கள் சுவர் திரும்பினால்தான் அதை மாட்டுவார்கள். இவர் சுவர் சும்மா இருந்தாலும் மாட்டுவார். தோளில் தொங்கும் கோணிப்பையில் ஒரு பைப் ரெஞ்சு, கொஞ்சம் சணல், ஒரு பெயிண்ட் டப்பா, மீதி இடமெல்லாம் எல்போ. நடந்து வந்தால் ஜல் ஜல் என்று சத்தம் வரும். மாடு வருகிறதென்று வாழைப்பழத் தோலோடு வாசலுக்கு வந்து ஏமாந்த மாமிகள் உண்டு.

அவர் வேலை செய்யும் முறையே தனி. பைப்பில் காதை வைப்பார், கண்ணை மூடுவார், சற்று நேரத்தில் குறட்டை விடுவார். தூக்கத்தில் தண்ணீரோடு தண்ணீராகப் பைப்புக்குள் போய், எங்கே அடைப்பு என்று பார்த்துவிட்டு வருவதாக மனமார நம்பினார். ஒருமுறை ஒரு காலேஜ் ஹாஸ்டலின் குளியலறைத் தரையில் இவர் இப்படிக் கிடந்ததைப் பார்த்து, ஆள் மயங்கிவிட்டார் என்று அங்கிருந்த ஃபாதர் பயந்துபோனார். முகத்தில் தெளிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் வராததால்தானே இவரையே கூப்பிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினார். எழுந்து உட்கார்ந்த எல்போ, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போயிருந்ததாகச் சொன்னார். சரி, எங்கே நிற்கிறது என்று ஃபாதர் கேட்டார்.

"அதுக்குள்ள எழுப்பிட்டீங்களே, ஃபாதர்."

உறையூரில் ஒரு நெசவாளி வீட்டில் குழாய் சொட்டுகிறதென்று கூப்பிட்டார்கள். போனவர் தறிச் சத்தத்தையும் சொட்டுச் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, இரண்டும் ஒத்துப் போகின்றன, பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த வீட்டு அம்மாள் குழாய்க்குத் துணி சுற்றிவிட்டு, இவருக்கு அர்ச்சனை செய்ததை அந்தத் தெருவே கேட்டதாம்.

இப்பேர்ப்பட்டவரின் கையில் என் குடும்பமே மாட்டிக்கொண்டது.

நான் ஒரு ஐயங்கார் ஸ்வாமியின் வீட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். மொட்டை மாடியில் தொட்டி இருந்தது. அதிலிருந்து கீழ் வீட்டுக்கு மட்டும்தான் குழாய் போயிற்று. நாங்கள் கிணற்றடியிலிருந்து குடத்தில் சுமக்க வேண்டும். என் மனைவி வசந்தா மாசமாக இருந்தபோது ஒரு நாள் குடத்தோடு படியில் வழுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பயம் அவளை விடவில்லை. பிரசவத்துக்கு முசிறியில் தாய் வீட்டுக்குப் போனவளை, குழந்தை பிறந்த பிறகும் திருப்பி அனுப்ப மாமியார் மறுத்துவிட்டார். மாடியில் குழாய் வந்தால்தான் பெண்ணும் பேத்தியும் வருவார்கள் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து முசிறிக்குப் போவேன். குழந்தைக்கு ஆள் தெரிய ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டு வாழைக்காய் மண்டிக்காரர் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு போகும். நான் கை நீட்டினால் வீல் என்று அலறும். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெற்ற குழந்தைக்கு நான் மூன்றாம் மனிதன் ஆகிக்கொண்டிருந்தேன்.

மற்ற பிளம்பர்களெல்லாம் திருச்சி கே.கே. நகரில் எழும்பிக்கொண்டிருந்த புது வீடுகளுக்குப் போய்விட்டதால் எல்போதான் கிடைத்தார். தொட்டிக்கு நேர் கீழே எங்கள் குளியலறை. நேராக ஒரு பைப்பை இறக்கினால் ஒரே நாளில் வேலை முடிந்தது. எல்போ தொட்டி நிழலில் காதை வைத்துப் படுத்தார். சாயங்காலம் எழுந்து, தண்ணீர் நேராக இறங்கப் பிரியப்படவில்லை, மொட்டை மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கத்தான் ஆசைப்படுகிறது என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நம்பெருமாளே நேரா எங்கயும் போறதில்லையே, சார். வீதியைச் சுத்திட்டுத்தான் போறாரு. தண்ணிக்கு மட்டும் என்ன அவசரம்?"

நியாயம் கேட்க வீட்டுக்காரரிடம் ஓடினேன். அவர் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிரதக்ஷிணமாத்தானே போறது?" ஆமாம் என்றேன். "பேஷா போகட்டும்" என்றார்.

அப்புறம் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கைப்பிடிச் சுவரை ஒட்டி, வெயிலில், வலமாகப் பைப் ஓடியது. வழி நெடுக எல்போ. தினமும் ஆபீஸ் விட்டு வந்து மேலே ஏறினால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் கத்தி எழுப்புவேன். ஒரு வழியாகக் குழாய் மாட்டி முடித்தார். திறந்தால் காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை. காத்து பிடிச்சிருக்கு, தானா எந்திரிச்சுப் போகும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில் ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை மத்தியானம், குழாய் போட்டாகிவிட்டது என்று யார் மூலமோ கேள்விப்பட்டு, மாமியார் வசந்தாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். பையை இறக்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகினார். குழாய் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. என்னைப் பார்த்துக் குழந்தை அழ ஆரம்பித்தது.

சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிடலாம் என்று மாமியார் சொன்னார். வசந்தா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மொட்டை மாடியைப் பார்த்துக் கத்தினேன். எப்படிக் கத்தினேனோ, மேலே டங் டங் என்று பைப்பை அடிக்கிற சத்தம் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. குழாய் இருமியது, துரு கக்கியது, பிறகு நூல் மாதிரி ஒரு தண்ணீர். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் என்று எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

மாமியார் விரலை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வெந்நீர்க் குழாயா போட்டிருக்கீங்க? சொல்லவேயில்லையே, மாப்பிள்ளை."

திருச்சி வெயில் அந்தச் சுற்றுப் பைப் முழுவதும் காய்ச்சி அனுப்பிய வெந்நீர். நான் வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தேன். கீழே இறங்கி வந்த எல்போ தானும் விரலை வைத்துப் பார்த்தார். "எப்படி சார் இது?" என்று என்னையே கேட்டார். அவர் முகத்தில் துளி நடிப்பு இல்லை. காத்து இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி மேலே போனார்.

வாளி மெதுவாக நிறைந்தது. மாமியார் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டினார். வெந்நீர் பட்ட சுகத்தில் குழந்தைக்குக் கண் செருகியது. துண்டில் சுற்றி, பிடிங்க மாப்பிள்ளை என்று என்னிடம் நீட்டினார். அலறப் போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். குழந்தை ஒரு தரம் என்னைப் பார்த்தது, என் தோளில் கன்னத்தை வைத்தது, அப்படியே தூங்கிவிட்டது.

மாமியார் மட்டும் சாயங்கால பஸ்ஸுக்குப் போவதென்று முடிவாயிற்று. எல்போவைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று குழந்தையோடு மொட்டை மாடிப் படி ஏறினேன். தொட்டி நிழலில், பைப்பில் காதை வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கத்தி எழுப்பிய எனக்கு அன்றைக்குக் கூப்பிட வாய் வரவில்லை. பூனை மாதிரிப் படி இறங்கினேன்.

அந்த மத்தியானம் எங்கள் வீட்டில் எனக்கு ரொம்ப வேண்டியவர்கள் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.